சீன நீல வெள்ளைப் பீங்கான் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சீனப் பீங்கான்மேல் ஆசை வந்தவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். விலை ஏறுமா, லாபம் கிடைக்குமா என்பதைவிட, கையில் இருக்கும் பொருளை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் எனக்கு அக்கறை. பதில்களின் நீளமும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

நீல வெள்ளைப் பீங்கான் என்று எதைச் சொல்கிறோம்?

வெள்ளைக் களிமண்ணில் பாத்திரம் வனைந்து, காய்ந்த பிறகு கோபால்ட் மையால் தூரிகை கொண்டு படம் எழுதி, அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சைக் கொடுத்து, சுமார் 1300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரே தடவையாகச் சுட்டெடுப்பது. எழுதும்போது மை கருஞ்சாம்பலாகத்தான் தெரியும். சூளையிலிருந்து வெளியே வரும்போதுதான் அது நீலமாகியிருக்கும். படம் பூச்சுக்கு அடியில் இருப்பதால் சுரண்டினாலும் போகாது, அறுநூறு ஆண்டு கழித்தும் மங்காது. இந்த வேலையின் தலைநகரம் ஜியாங்சி மாகாணத்தில் உள்ள ஜிங்தேசென். ஃபூஜியான் மாகாணத்தின் தேஹுவா, சாங்சோ பகுதிகளிலும் ஏற்றுமதிக்காக ஏராளமாகச் செய்தார்கள்.

இது எப்போது தொடங்கியது?

தாங் அரச வம்சக் காலத்திலேயே சின்னதாக ஒரு முயற்சி நடந்திருக்கிறது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்கு அருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலில் மூன்று முழுத் தட்டுகள் கிடைத்தன. ஆனால் இன்று நாம் நீல வெள்ளை என்று சொன்னதும் மனதில் வரும் பொருள், யுவான் ஆட்சியில், பதினான்காம் நூற்றாண்டில்தான் முழு உருவம் பெற்றது.

அதற்கு அசைக்க முடியாத சான்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் டேவிட் குடுவைகள். அறுபது சென்டிமீட்டருக்கும் அதிகமான உயரம், யானைத் தலைக் கைப்பிடிகள், உடலைச் சுற்றி டிராகன். கழுத்தில் ஒரு கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த செய்தியும், 1351ஆம் ஆண்டுக்குரிய தேதியும் எழுதியிருக்கிறது. இந்தத் தேதியை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டுதான் 1950களில் அமெரிக்க அறிஞர் ஜான் போப், இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் தர்காவிலும் இருந்த பீங்கான்களுக்குள் யுவான் காலத்தவை எவை என்று பிரித்துக் காட்டினார். அதுவரை அவை யாரும் காலம் சொல்லாமல் அடுக்கிலேயே கிடந்தன.

புதிதாகத் தொடங்குகிறேன். முதலில் எதை வாங்கலாம்?

யுவானையும், அதற்கு அடுத்து வந்த மிங் வம்சத்தின் அரச சூளைப் பொருட்களையும் அருங்காட்சியகத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு யுவான் சாடி 2005இல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1 கோடியே 56 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்த உலகம் வேறு.

மாதச் சம்பளக்காரர் தைரியமாகக் கால்வைக்க மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தென்கிழக்கு ஆசியச் சந்தைக்காகச் செய்த சாதாரணச் சாப்பாட்டுக் கிண்ணங்கள். அடுக்கிச் சுடும்போது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, உள்ளே நடுவில் வளையமாகப் பூச்சைத் துடைத்துவிட்டிருப்பார்கள். மலேசியா, சிங்கப்பூர் பழம்பொருள் கடைகளில் இவற்றைப் பார்க்கலாம். இரண்டு, மூழ்கிய கப்பல்களிலிருந்து முறையாக ஏலத்துக்கு வந்தவை. மூன்று, மூளியான காங்சி காலத் தட்டுகள். காங்சி என்ற சீன அரசரின் ஆட்சி 1662 முதல் 1722 வரை.

என்னைக் கேட்டால் மூன்றாவதைத்தான் முதலில் சொல்வேன். நல்ல கையால் எழுதிய ஓவியம், நல்ல பூச்சு, நல்ல அடி எல்லாம் அதில் இருக்கும். விளிம்பில் சில்லு பெயர்ந்த ஒரே காரணத்துக்காக விலை பல மடங்கு குறைந்திருக்கும். கண்ணைப் பழக்குவதற்கு முழுமையான போலியைவிட உடைந்த அசல்தான் உதவும்.

ஒரு தட்டைக் கையில் எடுத்ததும் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

கவிழ்த்துப் பாருங்கள். படத்தைப் பிறகு ரசித்துக்கொள்ளலாம். முன்பக்கம் விற்பதற்காகச் செய்தது. அடிப்பக்கத்தில்தான் செய்தவனின் பழக்கம் தங்கியிருக்கும்.

தட்டு உட்காரும் வளையம்தான் முதல் சாட்சி. அங்கே பூச்சு இருக்காது, வெறும் மண் தெரியும். ஒரு நல்ல காங்சித் தட்டில் அந்த மண் வெள்ளையாக, நெருக்கமாக, விரலை ஓட்டினால் வழவழப்பாக இருக்கும். வளையத்தின் ஓரங்களைச் சீவி உருட்டிவிட்டிருப்பார்கள். பூச்சு முடிந்து மண் தொடங்கும் கோட்டில் மெல்லிய இளஞ்சிவப்பு அல்லது காவி நிறம் ஓடலாம். மண்ணிலிருக்கும் இரும்பு சூளைச் சூட்டில் காட்டும் நிறம் அது. போலி செய்பவர்கள் இதையே பழுப்பு மையால் தீட்டிவிடுவார்கள். அப்படித் தீட்டியது கோடு போட்டாற்போல் சீராகத் தெரியும். இயல்பாக வந்தது ஓரிடத்தில் அடர்ந்து, இன்னோரிடத்தில் காணாமல் போகும்.

அடுத்து வளையத்துக்கு உள்ளே இருக்கும் பரப்பு. ஊசி குத்தியது போன்ற சிறு துளைகள், சக்கரத்தில் சீவியபோது விழுந்த மெல்லிய வட்டக் கோடுகள், எங்காவது ஒட்டிய சாம்பல் துகள். மிங் கடைசிக்கால ஏற்றுமதித் தட்டுகளில் வளையத்தில் மணல் ஒட்டியிருக்கும், அடியில் நடுவிலிருந்து கதிர்போல் விரியும் சீவல் கோடுகள் தெரியும். சாங்சோப் பொருட்களில் மணல் இன்னும் முரடாக, கையைக் கீறும் அளவுக்கு இருக்கும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதிப் பொருட்களில் விளிம்பை ஒட்டிப் பூச்சு பூச்சி அரித்தாற்போல் சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்திருக்கும். ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் அதை விரும்பியே வாங்குகிறார்கள்.

அப்புறம் தேய்மானம். முந்நூறு ஆண்டு மேசையில் இழுபட்ட தட்டில், மேசையைத் தொடும் இடம் தேய்ந்திருக்கும். உள்ளே, கரண்டி படும் குழிவில், பல திசைகளிலும் நுண்ணிய கீறல்கள் இருக்கும். எதுவுமே தொடாத உட்குழிவிலும் அதே அளவு தேய்மானம் தெரிந்தால் யாரோ செயற்கையாகத் தேய்த்திருக்கிறார்கள்.

கடைசியாக, சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோல விரல் நுனியால் தாங்கிக்கொண்டு விளிம்பைச் சுண்டுங்கள். கணீரென்று ஒலி நீண்டால் நல்லது. டப்பென்று அடங்கினால் எங்கோ விரிசலோ ஒட்டு வேலையோ இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் சுண்டுவதுதான் மரியாதை.

அடியில் அரசர் பெயர் எழுதியிருக்கிறதே, அப்படியென்றால் அந்தக் காலத்தியதுதானே?

இந்த நம்பிக்கையால்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள். முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். அடி, பூச்சு, நீலம், ஓவியம் நான்கும் ஒரு காலத்தைச் சொல்லி, முத்திரையும் அதையே சொன்னால் சந்தோஷம். முரண்பட்டால் முத்திரையை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

வழக்கமான முத்திரையில் ஆறு எழுத்துகள் இருக்கும். வலப்பக்க வரிசையிலிருந்து, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து வம்சம், அடுத்த இரண்டு ஆட்சியின் பெயர், கடைசி இரண்டு 'அந்த ஆண்டுகளில் செய்தது' என்று சொல்லும்.

சிக்கல் எங்கே என்றால், சீனர்களே முந்தைய ஆட்சியின் முத்திரையைப் போடுவது வழக்கம். காங்சி காலத்துக் குயவர்கள் தங்கள் பொருளில் மிங் அரசர் செங்ஹுவாவின் பெயரைத் தாராளமாக எழுதினார்கள். பழைய உன்னதத்துக்குக் காட்டிய மரியாதையாகவே அது நடந்தது, ஏமாற்றும் எண்ணம் கிடையாது. போதாக்குறைக்கு 1677இல் ஜிங்தேசென் பகுதி அதிகாரி ஒருவர், உடையும் பொருளில் அரசர் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். அதனால் அக்காலத்து நல்ல பொருட்கள் பலவற்றில் வெறும் இரட்டை வட்டம் மட்டும் இருக்கும், அல்லது வட்டத்துக்குள் ஓர் இலை, தாமரை, சங்கு போன்ற சின்னம் இருக்கும். பிறகு 1875 முதல் 1908 வரையிலான குவாங்சு காலத்தில், காங்சியின் பெயரை நாலெழுத்தில் எழுதிய சாடிகளும் குடுவைகளும் மலைபோல் உற்பத்தியாயின. இன்று பழம்பொருள் கடைகளில் 'காங்சி' என்று காட்டப்படும் பொருட்களில் பெரும்பங்கு இந்த வகை. நூறாண்டுக்கு மேல் ஆனவை, அவற்றுக்குரிய விலையில் வாங்கத் தகுந்தவை. காங்சி விலை கொடுத்தால்தான் நஷ்டம்.

ஆங்கில எழுத்தில் 'சீனா' என்று இருந்தால் பொதுவாக 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

நீலத்தின் சாயலை வைத்தே காலம் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. யுவானிலும் மிங் தொடக்கத்திலும் மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்ட்டைப் பயன்படுத்தினார்கள். அதில் இரும்பு அதிகம், மாங்கனீஸ் குறைவு. மை திரண்ட இடங்களில் கருநீலப் புள்ளிகள் விழுந்து, பூச்சுக்குள் லேசாக அமிழ்ந்திருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் உலோகம்போல் மங்கலாக மின்னும். மிங் அரசர்களான யோங்லோ, சுவாண்டே காலத்துப் பொருட்களின் அழகே அதுதான். பிற்காலத்தில் இதைப் போலச் செய்ய முயன்றவர்கள் தூரிகை முனையால் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். புள்ளிகள் ஓவியக் கோட்டின் மேலேயே ஒழுங்காக வரிசை கட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

செங்ஹுவா காலத்தில் நீலம் மென்மையாகிறது. ஜியாஜிங் ஆட்சியில், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், ஊதா கலந்து பளிச்சென்று எரிகிறது. காங்சியில் ஒரே மையை நீர் கலந்து பல அடர்த்திகளில் வைத்து, மலைக்கும் பாறைக்கும் ஆழம் காட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலையில் தயாரான கோபால்ட் வந்தது. அதன் நீலம் ஒரே சீராக, கொஞ்சம் கூச்சலாக இருக்கும். சூளைச் சூடும் புகையும்கூட நிறத்தை மாற்றும் என்பதால் நீலத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எனக்கு மிகப் பிடித்தது 1620 முதல் 1683 வரையிலான இடைக்காலம். அரண்மனை உத்தரவு குறைந்து, ஜிங்தேசென் குயவர்கள் தனியார் வாங்குவோருக்காகச் செய்த காலம். அரச டிராகனுக்குப் பதிலாக நாடகக் காட்சிகளும் மலைப்பாதையில் நடக்கும் புலவர்களும் வாழை மரங்களும் வருகின்றன. தரையைக் குறிக்க 'V' வடிவத்தில் சின்னச் சின்னக் கீற்றுகளாகப் புல் எழுதியிருப்பார்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் புல்லை மறக்க முடியாது.

எங்கள் வீட்டுப் பரணில் பழைய நீலத் தட்டுகள் இருக்கின்றன. சீனத்துப் பொருளாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் தமிழ் வீடுகளில், குறிப்பாகப் பர்மா, மலாயா போய் வந்த குடும்பங்களில், வேறு நாட்டுத் தட்டுகளும் கலந்தே இருக்கும். இரண்டு பறவைகள், பாலத்தில் மூன்று பேர், வளைந்த மரம் என்ற படம் இருந்தால் அது சீனப் பாணியைப் பார்த்து இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உருவான வடிவம். அச்சுத் தாளிலிருந்து பதித்தது. உற்றுப் பார்த்தால் தூரிகைக் கோட்டுக்குப் பதில் நுண்ணிய கீற்றுகளும் புள்ளிகளும், ஓரத்தில் எங்காவது வடிவம் சேராத ஒட்டும் தெரியும். டச்சு நகரமான மாஸ்ட்ரிக்டிலிருந்தும் நிறைய வந்தன. அவற்றின் அடியில் தொழிற்சாலைப் பெயர் அச்சிட்டிருக்கும்.

இன்னொரு டச்சு நகரமான டெல்ஃப்டில் செய்த தட்டு என்றால் சில்லு போன இடத்தில் மஞ்சளான மண் தெரியும், சீனப் பீங்கானில் உள்ளேயும் வெள்ளைதான். ஜப்பானியத் தட்டுகளின் அடியில், சூளையில் தாங்கு கொடுத்த இடங்களில், மூன்று அல்லது ஐந்து சின்னப் புள்ளிகள் இருக்கும். அச்சு வேலை என்பதற்காகவே புதியது என்று தள்ளிவிடவும் வேண்டாம். தேஹுவாவில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மரக்கட்டை அச்சால் கோபால்ட் பதித்திருக்கிறார்கள்.

கடலில் மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்ததை வாங்குவது சரியா?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சேகரிப்பவருக்கு இவற்றில் பெரிய வசதி, தேதி. கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பல் தென்சீனத் துறைமுகமான கான்டனிலிருந்து தாயகம் திரும்பும்போது 1752 ஜனவரியில் மூழ்கியது. அதன் முக்கியச் சரக்கு தேயிலை. பீங்கான் அதற்கு அடுத்தபடிதான். தேயிலைக்கு அடியில் கிடந்த பீங்கான்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. தெக் சிங் என்ற சீனப் பாய்க்கப்பல் சியாமெனிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போகும் வழியில் 1822 பிப்ரவரியில் பாறையில் மோதியது. பிழைப்பு தேடிப் போனவர்கள் நிறைந்த கப்பல் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிலிருந்து எடுத்த சுமார் மூன்றரை லட்சம் பொருட்கள் 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் விற்கப்பட்டன. 1690 வாக்கில் மூழ்கிய வுங் தாவ், 1725 வாக்கில் மூழ்கிய கா மாவ் கப்பல்களின் சரக்கும் இப்படி ஏலத்துக்கு வந்தவை.

இவற்றில் உங்கள் பொருள் எந்த ஆண்டுக்கு முந்தியது என்பதில் குழப்பமே இல்லை. விலையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஏனென்றால் எண்ணிக்கை அதிகம், செய்ததும் சாதாரணப் புழக்கத்துக்கு. மணலிலும் உப்பு நீரிலும் கிடந்ததால் பல பொருட்களில் பூச்சு மங்கி, பால்போல் வெளிறியிருக்கும். சிலவற்றில் பவழக் கூடு ஒட்டியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. விற்பதற்காக அள்ளப்பட்ட கப்பலில் எது எந்த அறையில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற தகவல் பெரும்பாலும் அழிந்துவிட்டது. தொல்லியலாளர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். கடலடி மரபுச் செல்வங்களை வணிகமாக்கக் கூடாது என்று 2001இல் யுனெஸ்கோ உடன்படிக்கையே வந்தது. என் நிலை இதுதான்: பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்படையாக ஏலம் போய், ஏல எண் ஒட்டிய சீட்டும் சான்றிதழும் உள்ளதை வாங்கலாம். 'இப்போதுதான் மீனவர் வலையில் வந்தது' என்று சொல்லி நீட்டுவதை வாங்கக் கூடாது. அந்தப் பணம் அடுத்த கப்பலை உடைக்கத்தான் போகும். சீட்டை ஒரு பொருளிலிருந்து உரித்து இன்னொன்றில் ஒட்டுவதும் நடக்கிறது. ஆகவே ஏலப் பட்டியலில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூளி, விரிசல், ஒட்டு: எதை ஏற்கலாம்?

விளிம்புச் சில்லு பரவாயில்லை. மயிரிழை விரிசலும் பரவாயில்லை, அது எதுவரை ஓடுகிறது என்று தெரிந்தால். பழைய உலோகக் கம்பிக் கவ்விகளால் தைத்த தட்டுகள் எனக்குப் பிடிக்கும். உடைந்த பிறகும் தூக்கி எறிய மனமில்லாமல் ஒருவர் காசு கொடுத்துச் சரிசெய்திருக்கிறார் என்பது அதில் தெரிகிறது. மறைத்த பழுதுதான் ஆபத்து. வண்ணம் தெளித்துச் சரிசெய்த இடம் தொட்டால் சற்றே வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக்போல் இருக்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பல நேரம் வேறு நிறத்தில் ஒளிரும்.

போலியா என்று ஆய்வகத்தில் சோதிக்கலாமா?

சோதிக்கலாம். வெப்ப ஒளிர்வுச் சோதனை, கடைசியாகச் சூளையில் சுட்டு எத்தனை காலமாயிற்று என்று கணிக்கும். ஆனால் பொருளில் சிறு துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும். ஊடுகதிர்ச் சோதனை துளையின்றி கோபால்ட்டில் உள்ள தனிமங்களைச் சொல்லும். சாதாரண விலைப் பொருளுக்கு இந்தச் செலவு தேவையில்லை. பூச்சின் பளபளப்பைக் குறைக்க அமிலத்தில் நனைப்பது, தேநீரிலும் சேற்றிலும் ஊறவைப்பது போன்ற வேலைகள் பூதக்கண்ணாடியில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

குப்பையில் கோமேதகம் கிடைக்குமா?

கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒருவர் வீட்டு வாசல் விற்பனையில் 35 டாலருக்கு வாங்கிய சின்னக் கிண்ணம் யோங்லோ காலத்தது என்று தெரிந்து, 2021 மார்ச்சில் நியூயார்க் சோதபிஸ் ஏலத்தில் 7,21,800 டாலருக்குப் போனது. அவருக்கு அதிர்ஷ்டம் மட்டும் இருக்கவில்லை. எதையோ கவனித்து, உடனே நிபுணர்களிடம் கேட்டிருக்கிறார். இந்தச் செய்தியைச் சொல்லி உங்களிடம் பொருள் விற்க வருபவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

தமிழகக் கடற்கரையில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைக்கின்றனவாமே?

ஆமாம். ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினத்தில் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அங்கே அகழாய்வு செய்தது. பெரும்பகுதி பச்சைப் பூச்சுப் பொருட்கள், அவற்றோடு ஜிங்தேசென் நீல வெள்ளையும் உண்டு. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவிய, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதிய, இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே யோங்லோ ஆட்சிக் காலம்.

இதனால்தான் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடற்கரையிலோ வயலிலோ பீங்கான் துண்டைப் பார்த்தால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இடத்தைப் படம் எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கிடந்த இடம் தெரிந்தால் அந்த ஓடு ஒரு துறைமுகத்தின் வரலாற்றைச் சொல்லும். உங்கள் அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

சட்டம் என்ன சொல்கிறது?

சீனா 1911க்கு முந்திய பழம்பொருட்களை நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தடை விதித்திருக்கிறது. எனவே சீனாவுக்கு வெளியே பழைய சேகரிப்புகளில் இருந்தவற்றையே வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருமுன் சுங்க விதிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கே போய்ப் பார்த்துப் பழகுவது?

சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பெலிதுங் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. இந்தியாவில் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கான்கள் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தொழுகைக் கூடத்தின் தரையில் பதித்த நீல வெள்ளை ஓடுகள் பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்தவை, அங்கே ஒருமுறை குனிந்து பாருங்கள். ஏலத்துக்கு முந்திய காட்சி நாட்கள் இன்னும் நல்லது. வாங்காதவரும் கேட்டால் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க விடுவார்கள். அந்த வாய்ப்பு கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கும்போது கிடைக்காது.

வாங்கியதை எப்படிக் கழுவுவது, எங்கே வைப்பது?

வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, அடியில் துண்டு விரித்த பிளாஸ்டிக் தொட்டி. குழாயடியில் கழுவ வேண்டாம், இரும்புக் குழாயில் இடித்துத்தான் பல விளிம்புகள் போகின்றன. பழைய ஒட்டு இருந்தால் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ப்ளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. சுவரில் மாட்டுவதற்கான சுருள் கம்பிக் கொக்கிகள் விளிம்பை இறுக்கிப் புதுச் சில்லு பெயர்த்துவிடும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில், தாங்கியில் சாய்த்து வையுங்கள். தட்டுகளை அடுக்கினால் இடையிடையே மெல்லிய துணி போடுங்கள். தூக்கும்போது கைப்பிடியையோ விளிம்பையோ பிடிக்காமல், ஒரு கையை அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.